5 பேர் போதவில்லை!
பந்து வீசும் கைகளைத் தேடி, கோடி கோடியாகக் கொட்டிய அமெரிக்கக் கோஷ்டி

2023-ம் ஆண்டு, அக்டோபர் 7-ந்தேதி இரவு.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மைதானத்தில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். "டாட்ஜர்ஸ்" என்பது அந்த ஊர்க் கோஷ்டியின் பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் பேர் போன கோஷ்டி. அந்த ஆண்டில் மட்டும் 100 ஆட்டங்களில் வெற்றி பெற்றிருந்தது.

எதிரே அரிசோனா கோஷ்டி. அது 84 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. "ஊதித் தள்ளிவிடலாம்" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பந்து வீச வந்தார், கிளேட்டன் கெர்ஷா. சாதாரண ஆள் அல்ல. ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளர் என்ற பரிசை 3 தடவை வாங்கியவர்.

அன்று அவருக்கு என்ன ஆயிற்றோ! ஒரே ஒரு ஆட்டக்காரரைத்தான் அவுட் ஆக்க முடிந்தது. அதற்குள் 6 ஓட்டங்கள் போய்விட்டன. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அடுத்த ஆட்டத்தில் ஓர் இளைஞர் வீசினார். அவரும் அடி வாங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் வீசியவரை, எதிரிகள் ஒரே இன்னிங்சில் 4 தடவை மைதானத்துக்கு வெளியே விளாசினார்கள்.

3 ஆட்டம். 3 தோல்வி. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். 100 வெற்றி பெற்ற கோஷ்டிக்கு இந்தக் கதி ஏன் வந்தது?

வீசுவதற்கு ஆள் இல்லை! அதுதான் காரணம். அந்தக் கோஷ்டியின் நல்ல பந்து வீச்சாளர்களில் பலர், கையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு வந்த குளிர்காலத்தில், டாட்ஜர்ஸ் கோஷ்டி பந்து வீச ஆள் தேடிப் புறப்பட்டது. அவர்கள் செலவு செய்த பணத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்!

கிரிக்கெட் அல்ல

நமக்குக் கிரிக்கெட் தெரியும். பேஸ்பால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் உருண்டைக் கட்டையால் அடிப்பார்.

ஆனால் பந்து வீச்சில் பெரிய வித்தியாசம் உண்டு.

கிரிக்கெட்டில் 6 பந்து வீசியதும் வேறொருவர் வந்துவிடுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளரே தொடர்ந்து வீசுவார். 80 பந்து, 90 பந்து, 100 பந்து என்று போகும். கிரிக்கெட் வீச்சாளர் ஓடி வந்து வீசுவார். இவர் ஒரு சின்ன மண் மேட்டில் நின்ற இடத்தில் நின்று, கையை மடக்கி, முழு பலத்தோடு எறிவார். ஓடி வருகிற வேகம் கிடையாது. எல்லா வேகமும் காலிலும் இடுப்பிலும் தோளிலும் பிறந்து, முழங்கை வழியாகத்தான் வரவேண்டும்.

எவ்வளவு வேகம்? 2008-ம் ஆண்டில், வேகப் பந்தின் சராசரி வேகம் மணிக்கு 91 மைல் அளவில் இருந்தது. 2024-ல் அது 94 மைலைத் தாண்டிவிட்டது. 94 மைல் என்றால் 151 கிலோ மீட்டர்! நம் கிரிக்கெட்டில் ஒருவர் இந்த வேகத்தில் ஒரு பந்து போட்டால், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அங்கே அது சராசரி.

இப்படி ஒரு நாள் வீசியவரால் மறுநாள் வீச முடியாது. 4 நாளோ 5 நாளோ ஓய்வு வேண்டும். அதனால் ஒவ்வொரு கோஷ்டியும் 5 பேரை வைத்துக்கொண்டு, முறை போட்டு வீசச் சொல்லும். மார்ச் கடைசியில் இருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள். ஓய்வு நாள் அதிகம் கிடையாது. ஆளுக்கு 32 ஆட்டம் வீசினால் கணக்குச் சரியாகிவிடும்.

கணக்கு காகிதத்தில்தான் சரியாக இருக்கும். ஒருவருக்குத் தோள் வலி வரும். இன்னொருவருக்கு முழங்கை வீங்கும். 500 இலை விழும் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சமையல்காரரை நம்பி யாராவது பந்தல் போடுவார்களா? அதுபோல, 5 பேருக்குப் பின்னால் இன்னும் 5 பேராவது தயாராக நிற்கவேண்டும். அந்த இரண்டாவது வரிசையைத்தான் எல்லாக் கோஷ்டிகளும் தேடுகின்றன.

முழங்கையில் ஒரு நார்

மனிதனுடைய முழங்கையில், மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் நார் ஒன்று உண்டு. பார்க்கப்போனால் சின்ன நார்தான். வேகமாகப் பந்து எறிகிறவர்களுக்கு அது நைந்து, ஒரு நாள் அறுந்துவிடுகிறது.

முன்காலத்தில், அது அறுந்தால் ஆட்டக்காரரின் பிழைப்பும் அதோடு சரி.

1974-ம் ஆண்டில் டாமி ஜான் என்ற பந்து வீச்சாளருக்கு அப்படி அறுந்தது. அவரும் இதே டாட்ஜர்ஸ் கோஷ்டிக்காரர்தான். பிராங்க் ஜோப் என்ற டாக்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். டாமி ஜானின் வலது கையில் இருந்து ஒரு நாரை எடுத்து, இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். அதற்கு முன் எந்தப் பந்து வீச்சாளருக்கும் யாரும் செய்யாத ஆபரேஷன்!

டாமி ஜான் 1976-ல் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். 1989 வரை வீசினார். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள் பெற்றார்.

அந்த ஆபரேஷனுக்கு டாக்டர் பெயரை வைக்கவில்லை. நோயாளியின் பெயரை வைத்துவிட்டார்கள். "டாமி ஜான் ஆபரேஷன்" என்றால் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பையன்களுக்கே அந்த ஆபரேஷன் நடக்கிறது என்பதுதான் வேதனை!

ஆபரேஷன் முடிந்தபின் மறுபடி வீசுவதற்கு ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகும். அதுவரை கோஷ்டி சம்பளமும் கொடுக்கவேண்டும். வேறு ஆளும் பிடிக்கவேண்டும்.

2024 டிசம்பரில், பேஸ்பால் நிர்வாகமே இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகம், வேகம் என்று எல்லோரும் அலைவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும்தான் காயங்களுக்குக் காரணங்கள் என்று அறிக்கை சொன்னது. ஆனால் மெதுவாக வீசுகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வேகமாக வீசினால் வேலை கிடைக்கும்; கை போகும். இரண்டுக்கும் நடுவில் பையன்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குளிர்காலச் சந்தை

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதலிலோ ஆட்டங்கள் முடியும். உடனே சந்தை தொடங்கிவிடும்.

6 வருஷம் பெரிய கோஷ்டிகளில் ஆடி முடித்தவர்கள், ஒப்பந்தம் தீர்ந்ததும், இஷ்டப்பட்ட கோஷ்டிக்குப் போகலாம். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே கையெழுத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் மாற்று வியாபாரம். "உன் வீச்சாளரை எனக்குக் கொடு, என் இளைஞர்கள் இருவரை உனக்குத் தருகிறேன்" என்று பேரம் நடக்கும். மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விரலைப் பிடிப்பது போல, அங்கே டெலிபோனில் பிடிக்கிறார்கள்.

டாட்ஜர்ஸ் கோஷ்டிக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு ஆண்ட்ரூ பிரீட்மன் என்பவருடையது. இவர் பெரிய ஆட்டக்காரர் அல்ல. நியூயார்க் பணச் சந்தையில் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு, டம்பா பே என்ற ஏழைக் கோஷ்டியை நடத்தி, கொஞ்சப் பணத்தில் நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் காட்டினார். அப்படிப்பட்ட கெட்டிக்காரரிடம் பணக்காரக் கோஷ்டி பணப் பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டது.

2023 டிசம்பரில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார்.

முதலில் ஷோஹெய் ஓட்டானி. ஜப்பான்காரர். பந்தும் வீசுவார், மட்டையும் அடிப்பார். 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம்! இதில் ஒரு வேடிக்கை. 68 கோடி டாலரை 2034-ல் இருந்து 2043 வரை கொடுத்தால் போதும் என்று ஓட்டானியே சொல்லிவிட்டார். அதுவரை வருஷத்துக்கு 20 லட்சம் டாலர்தான் சம்பளம். மிச்சப் பணத்தில் நல்ல ஆட்டக்காரர்களைச் சேருங்கள் என்பது அவருடைய எண்ணம்.

ஆனால் ஓட்டானிக்கு 2023 செப்டம்பரில் முழங்கையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. 2024-ல் அவர் மட்டை அடிக்கலாம். ஒரு பந்துகூட வீச முடியாது.

அடுத்து டைலர் கிளாஸ்னோ. 6 அடி 8 அங்குலம் உயரம். பிரீட்மனின் பழைய கோஷ்டியில் இருந்து, மாற்று வியாபாரத்தில் வந்தவர். 5 வருஷத்துக்கு 13 கோடி டாலருக்கு மேல் சம்பளம். அவர் வீசுவதைப் பார்த்தால் மட்டைக்காரர்கள் நடுங்குவார்கள். அதே சமயம், அவர் உடம்பைப் பார்த்துக் கோஷ்டிக்காரர்களும் நடுங்கவேண்டியதுதான்! அதுவரை எந்த ஆண்டிலும் 120 இன்னிங்சுக்கு மேல் அவர் வீசியதே இல்லை. காயம் விட்டால்தானே!

ஒரு பந்துகூடப் போடாதவருக்கு!

மூன்றாவது ஆள்தான் எல்லோரையும் வாய் பிளக்கவைத்தவர். பெயர், யோஷினோபு யமமோட்டோ. இவரும் ஜப்பான்காரர். வயது 25. உயரம் 5 அடி 10 அங்குலம்தான். பேஸ்பால் உலகத்தில் இது குள்ளம்.

இவருக்கு 12 வருஷத்துக்கு 32½ கோடி டாலர்! இதுபோக, அவரை அனுப்பி வைத்ததற்காக, ஜப்பானில் அவர் ஆடிய ஓரிக்ஸ் கோஷ்டிக்கு 5 கோடி டாலருக்கு மேல். அதுவரை, பந்து மட்டும் வீசுகிற எவருக்கும் இவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது இல்லை. இத்தனைக்கும் அவர் அமெரிக்கப் பெரிய கோஷ்டிகளின் ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசியது கிடையாது!

"பைத்தியக்காரத்தனம்" என்று சிலர் சொன்னார்கள்.

ஆனால் யமமோட்டோ, ஜப்பானில் 2021, 2022, 2023 ஆகிய 3 ஆண்டுகளிலும் சிறந்த பந்து வீச்சாளர் பரிசை வரிசையாக வாங்கியவர். மற்றவர்களைப் போல் அவர் இரும்புக் குண்டு தூக்குவதில்லை. ஈட்டி போன்ற ஒன்றை எறிந்து பழகுகிறார். உடம்பை வில்லாக வளைத்துப் பழகுகிறார்.

ஈட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பந்து வீசும் கையைத் தேடி அமெரிக்கர்கள் நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள்! 2008-ல் இங்கே ஒரு போட்டி நடத்தினார்கள். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். பேஸ்பாலைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ரிங்குவுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. பிட்ஸ்பர்க் கோஷ்டி இருவரையும் சேர்த்துக்கொண்டது. பெரிய ஆட்டம் வரை அவர்களால் போக முடியவில்லை. ஆனால் அவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட்டில் சினிமாவாக வந்தது. அதற்கு இசை அமைத்தவர் நம் ஏ.ஆர்.ரகுமான்!

யமமோட்டோவின் முதல் ஆட்டம் 2024 மார்ச் 21-ந்தேதி, கொரியாவில் உள்ள சியோல் நகரில் நடந்தது. ஒரே ஒரு இன்னிங்ஸ். 5 ஓட்டங்கள் போய்விட்டன. 32½ கோடி டாலரை நினைத்துக்கொண்டு அன்று எத்தனை பேர் தூங்காமல் இருந்தார்களோ!

ஒருவர் பின் ஒருவராக

2024-ம் ஆண்டு கோஷ்டியின் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பாருங்கள்.

யமமோட்டோ ஜூன் மாதம் தோள் வலியோடு வெளியேறினார். செப்டம்பரில்தான் திரும்பினார். கிளாஸ்னோவுக்கு ஆகஸ்டில் முழங்கை. அதோடு அந்த ஆண்டு முடிந்தது. கெர்ஷாவுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்து, அது ஆறி வந்தால் கால் கட்டைவிரலில் எலும்பு வளர்ந்துவிட்டது. 7 ஆட்டங்கள்தான் வீச முடிந்தது. வாக்கர் பியூலர் இரண்டாவது டாமி ஜான் ஆபரேஷன் முடிந்து வந்தார். 1 வெற்றி, 6 தோல்வி. பழைய பியூலராகத் தெரியவில்லை. அவசரத்துக்கு வாங்கிய ஜேம்ஸ் பாக்ஸ்டனை ஜூலையிலேயே விலக்கிவிட்டார்கள்.

டஸ்டின் மே என்பவர் கதையைக் கேளுங்கள். முழங்கை ஆபரேஷனில் இருந்து குணமாகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டில் பச்சைக் கீரை இலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்தார். உணவுக் குழாய் கிழிந்துவிட்டது! அவசர ஆபரேஷன் செய்துதான் உயிர் பிழைத்தார்.

அந்த ஆண்டில் கோஷ்டிக்காக அதிக இன்னிங்ஸ் வீசியவர் யார் தெரியுமா? கோடி டாலர்க்காரர்கள் யாரும் இல்லை. கேவின் ஸ்டோன் என்ற இளைஞர். கோஷ்டி தன் சிறிய ஊர்க் கோஷ்டிகளில் வைத்து வளர்த்த பிள்ளை. 11 ஆட்டங்களில் வென்றார். செப்டம்பரில் அவருக்கும் தோள் போய்விட்டது.

கோடைகாலத்திலேயே பிரீட்மன் மறுபடியும் சந்தைக்குப் போனார். ஜூலை 30-ந்தேதி, ஜேக் பிளாகர்ட்டி என்பவரை டெட்ராய்ட் கோஷ்டியில் இருந்து வாங்கினார்.

அக்டோபர் வந்தது. யமமோட்டோ, பிளாகர்ட்டி, பியூலர் என்று மூன்றே பேர் மிச்சம். நான்காவது ஆட்டம் வந்தால், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ இன்னிங்ஸ் என்று பங்கு போட்டு வீசினார்கள்.

இறுதிப் போட்டியில் எதிரி, நியூயார்க் யாங்கீஸ். 5-வது ஆட்டத்தில் பிளாகர்ட்டி இரண்டாவது இன்னிங்சைக்கூட முடிக்கவில்லை. கோஷ்டி 5 ஓட்டம் பின்தங்கியது. யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் பந்தைக் கோட்டைவிட்டதால், டாட்ஜர்ஸ் சமன் செய்து, 7-க்கு 6 என்று முன்னேறியது. கடைசி இன்னிங்ஸ் வீச ஆள்? ஒரே ஒரு நாள் ஓய்வு எடுத்திருந்த பியூலர், "நான் வீசுகிறேன்" என்று வந்தார். அந்த ஆண்டின் 162 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்தவர், உலகக் கோப்பையின் கடைசிப் பந்தை வீசினார்!

அந்தக் குளிர்காலத்தில் பியூலர் 2 கோடி டாலருக்கு மேல் சம்பளத்துக்கு பாஸ்டன் கோஷ்டிக்குப் போய்விட்டார். வியாபாரம் அப்படித்தான்.

மறுபடியும் சந்தை

கோப்பையை வென்ற கோஷ்டி சும்மா இருந்ததா? இல்லை. பிளேக் ஸ்னெல் என்பவரை 5 வருஷத்துக்கு 18 கோடியே 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஜப்பானில் இருந்து ரோகி சசாகி என்ற 23 வயது இளைஞரையும் பிடித்தது.

சசாகியைப் பல கோஷ்டிகள் விரும்பின. 25 வயது ஆகாதவருக்குப் பெருந்தொகை கொடுக்கக்கூடாது என்று விதி. அதனால் 65 லட்சம் டாலருக்கே வந்தார். 2011-ம் ஆண்டு ஜப்பானில் சுனாமி வந்தபோது அவருக்கு 9 வயது. தகப்பனாரையும் தாத்தா பாட்டியையும் கடல் கொண்டுபோய்விட்டது. சுனாமி என்றால் என்ன என்று நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மற்ற கோஷ்டிகள் கூச்சல் போட்டன. "பணத்தால் எல்லாவற்றையும் வாங்குகிறார்களே!" என்றன. அந்தக் கூச்சலில் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சம்பளம் கொடுக்கும் கோஷ்டிகளுக்கு அங்கே அபராத வரி உண்டு. 2024-ல் டாட்ஜர்ஸ் கட்டிய வரி மட்டும் 10 கோடி டாலருக்கு மேல்! சிறிய ஊர்க் கோஷ்டிகள் இதற்கு எங்கே போகும்? சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும் என்று முதலாளிகளில் சிலர் கேட்கிறார்கள். ஆட்டக்காரர்களின் சங்கம் "கூடாது" என்கிறது. இரு தரப்புக்கும் உள்ள ஒப்பந்தத்தின் கெடு 2026 டிசம்பர் 1-ந்தேதி என்பதால், வாக்குவாதத்தில் சூடு அதிகம்.

ஆனால் பணத்தால் நாரை வாங்க முடியவில்லை என்பதும் உண்மை. 2025-ல் ஸ்னெல் 4 மாதம் படுத்துவிட்டார். சசாகி மே மாதத்திலேயே தோள் வலியோடு போனார். கிளாஸ்னோவும் போய்த்தான் வந்தார். ஓட்டானி ஜூனில்தான் மறுபடி வீசத் தொடங்கினார். ஆண்டு முழுவதும் முறை தவறாமல் வீசியவர், குள்ளமான யமமோட்டோ ஒருவரே!

என் அபிப்பிராயம் இது: பிரீட்மன் 5 நல்ல வீச்சாளர்களை வாங்கவில்லை. 10 பேரை வாங்கி, அதில் 4 பேர் அக்டோபரில் நிற்பார்கள் என்று பந்தயம் கட்டினார். இந்தப் பந்தயத்தைப் பணக்காரன்தான் கட்ட முடியும்.

பந்தயம் பலித்தது. 2025 நவம்பர் 1-ந்தேதி. கனடாவில் டொரண்டோ நகரம். இறுதிப் போட்டியின் 7-வது ஆட்டம். ஓட்டானி தொடங்கினார். பிறகு கிளாஸ்னோ வந்தார். ஸ்னெல் வந்தார். வாங்கிய கைகளில் பல ஒரே இரவில் மைதானத்துக்கு வந்தன. 9-வது இன்னிங்சில் ஆபத்தான கட்டம். அப்போது மேட்டில் ஏறியவர் யமமோட்டோ. முதல் நாள்தான் அவர் 96 பந்து வீசியிருந்தார்! மறுநாளே 34 பந்து வீசினார். 11-வது இன்னிங்ஸ் வரை ஒரு ஓட்டம்கூட விடவில்லை. 5-க்கு 4 என்று டாட்ஜர்ஸ் வென்றது.

அந்த நேரத்தில், தேவைப்பட்டால் அடுத்து வீசுவதற்காக, மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 2023-ல் தலையைத் தொங்கப் போட்டு வெளியேறிய அதே கெர்ஷா! வயது 37. 18 வருஷமும் ஒரே கோஷ்டி. இந்தப் போட்டியோடு ஓய்வு பெறுவதாக முன்பே சொல்லியிருந்தார். 18 இன்னிங்ஸ் நடந்த 3-வது ஆட்டத்தில், இக்கட்டான நேரத்தில் வந்து ஒரே ஒருவரை அவுட் ஆக்கிக் கோஷ்டியைக் காப்பாற்றியிருந்தார்.

7-வது ஆட்டத்தில் அவர் வீசவேண்டிய அவசியம் வரவில்லை. பந்தைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து மைதானத்துக்குள் ஓடினார்.